தகர வேலிக்குள் போன நடைபாதை

எங்கள் பகுதிக்கென்று ஒரு போலீஸ்காரம்மா இருந்தார். ‘இருந்தார்’ என்று எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார். எங்களிடம் இல்லை, அவ்வளவுதான். அவரை எங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்கள் என்பதை யாராவது ஒருவர் ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருப்பவன் நான். இந்த விவகாரத்தின் காகிதங்கள் எல்லாம் என் கை வழியாகத்தான் போயின. ஆகவே நானே எழுதுகிறேன்.

அவர் இங்கே வந்தபோது நாற்பத்தொரு வயது, பதினெட்டு வருட சர்வீஸ். கணவர் ரொட்டி கம்பெனி வேன் ஓட்டுகிறார். ஒரே மகள், காலேஜில் இரண்டாம் வருடம். ஸ்டேஷனுக்குப் பின்னாலிருக்கும் போலீஸ் குடியிருப்பில் இரண்டு அறை. மகள் படிக்கிற மேஜையில்தான் கணவர் இவருடைய யூனிஃபார்மை இஸ்திரி போடுவார். “எங்க வீட்ல விறைப்பா நிக்கிறது என் சட்டை மட்டும்தான்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காவலர், அவர் மக்களோடு பழகி, பிரச்சினை முற்றுவதற்கு முன்பே தீர்த்துவைப்பார் என்று மேலிடத்திலிருந்து ஒரு திட்டம் வந்தது. சுவரெல்லாம் போஸ்டர். போஸ்டரில் ஒரு போலீஸ்காரர் குழந்தையைத் தூக்கிவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஸ்டேஷனில் இந்த வேலையைச் சீண்ட ஆளில்லை. வழக்கு இல்லை, பேர் இல்லை, ஜீப் இல்லை. தெருத் தெருவாக நடக்க வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு எதிர்ப்பேச்சு பேசுகிறவர் என்று இந்தம்மாவுக்கு ஏற்கனவே ஒரு பேர் இருந்தது. தலையில் கட்டிவிட்டார்கள். ஸ்டேஷனில் கிண்டலாக ‘நடைபோலீஸ்’ என்றார்கள். கொஞ்ச நாளில் எங்கள் தெருக்களிலும் அந்தப் பேரே நிலைத்துவிட்டது. ஆனால் நாங்கள் கிண்டலாகச் சொல்லவில்லை.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். மூன்றாவது பிளாக்கில் மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் மூன்று வருடமாக முட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்த் தகராறு. ஸ்டேஷனில் பதினொரு புகார். ஒவ்வொரு முறையும் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அதட்டி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். மாப்பிள்ளையும் மாமனாரும் முறைத்துக்கொள்வதுபோல் முறைத்துக்கொண்டே இருவரும் ஒரே ஆட்டோவில் திரும்பி வருவார்கள். நடைபோலீஸ் வந்து கேட்ட முதல் கேள்வி, “இது எப்ப இருந்து?” அவர் யாரிடமும் முதலில் கேட்பது இதைத்தான். மொட்டைமாடித் தொட்டியைப் பழுது பார்த்த வாரத்திலிருந்து என்று தெரிந்தது. ஒரு பிளம்பரை அழைத்துக்கொண்டு மாடி ஏறினார். வால்வைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள். இருபது நிமிட வேலை. மூன்று வருடப் பகை குழாய் வழியாகப் போய்ச் சேர்ந்தது.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

ஊருக்கு வெளியே ஒரு சட்டைக் கம்பெனி இருக்கிறது. எங்கள் பகுதிப் பெண்கள் இருநூறு பேருக்குக் குறையாமல் அங்கே தைக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கம்பெனி பஸ் அவர்களை என் கடைக்கு எதிரே இறக்கிவிடும். அங்கிருந்து வீடுகளுக்குப் போக, மெயின் ரோட்டை ஒட்டி ஒரு குடோனின் நீளமான சுவர். சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவில் நடைபாதை. முந்நூறு அடி எடுத்து வைத்தால் வீடு. விளக்கு, கடை, ஆள் நடமாட்டம் எல்லாம் உண்டு.

ஒருநாள் குடோன் முதலாளி அந்த நடைபாதையின் வெளி ஓரத்தில் வரிசையாகத் தகரம் அடித்தார். நடைபாதை குடோனுக்குள் போய்விட்டது. அங்கே மரப்பலகைகளும் பீப்பாய்களும் அடுக்கினார்கள். தகரத்தை ஒட்டி ரோட்டில் லாரிகள் நின்றன. நடப்பவர்கள் லாரியைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டுக்கு வர வேண்டும். முதல் வாரமே ஒரு பெண்ணை வேன் உரசிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அவர்கள் குடோனுக்குப் பின்னாலிருக்கும் சந்து வழியாகப் போகத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் குடோனின் பின்சுவர், மறுபக்கம் மூடிக்கிடக்கும் ஐஸ் ஃபாக்டரியின் சுவர். ஒரு ஜன்னல் கிடையாது. விளக்கு கிடையாது. இரண்டு வளைவு.

ஏழு மாதத்தில் பதினான்கு புகார். ஒன்பது, பையையோ செல்போனையோ பிடுங்கியது. ஐந்து, பெண்கள் மேல் கை வைத்தது. புகார் கொடுக்காமல் மென்று விழுங்கியவர்கள் எத்தனை பேரோ. என் கடையில் வந்து எழுதிக்கொண்டு போனவர்களையே நான் பார்த்தேனே! நடந்ததைச் சொல்வார்கள். நான் டைப் அடிப்பேன். “பாத்துப் போங்கம்மா” என்பேன். பெரிய உபதேசம்!

ஸ்டேஷனில் ஒவ்வொரு புகாருக்கும் ஒவ்வொரு பதில். கூட்டமாகப் போகக்கூடாதா? போனைக் கையில் எதற்கு வைத்திருந்தாய்? அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாயா? மூன்று முறை யாரையோ பிடித்தார்கள், அடித்தார்கள், விட்டார்கள். அடுத்த வாரம் வேறு ஆள். கடைசியில் சந்து முனையில் ஒரு போர்டு வைத்தார்கள்: ‘பெண்கள் இவ்வழியே தனியாகச் செல்வதைத் தவிர்க்கவும். இப்படிக்கு, காவல்துறை.’ ரோட்டை அடைத்தவனுக்கு ஒரு போர்டும் இல்லை. நடக்கிறவளுக்குப் போர்டு. அந்தப் போர்டை அச்சடித்துக் கொடுத்தவன் நான்தான். ‘தவிர்க்கவும்’ என்பதை மட்டும் சிவப்பில் போடச் சொன்னார்கள். போட்டேன்.

பதினான்காவது புகார் ஒரு தையல்காரப் பெண்ணுடையது. கம்பெனியில் காலர் மட்டும் தைப்பார். எல்லோரும் காலரக்கா என்பார்கள். பையைப் பிடித்து இழுத்ததில் விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. காலர் தைக்கிறவருக்கு மணிக்கட்டு போனால் என்ன மிச்சம்?

நடைபோலீஸ் எங்கள் பகுதிக்கு வந்து இரண்டாவது மாதம் அது. அவர் காலரக்காவை ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போனார். கட்டுப்போட்ட கையோடு அந்தப் பெண் இடது கையால் வெங்காயம் நறுக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாராம். இவர் கத்தியை வாங்கி நறுக்கிக்கொண்டே பேசியிருக்கிறார். திருடன் உயரமா, குள்ளமா, என்ன சட்டை, எதுவும் கேட்கவில்லை. இதெல்லாம் காலரக்கா பிற்பாடு என்னிடம் சொன்னது.

“இந்தச் சந்து வழியா எப்ப இருந்தும்மா போறீங்க?”

“தகரம் அடிச்சதுல இருந்து மேடம்.”

“அதுக்கு முன்னாடி?”

“முன்னாடி எதுக்கு மேடம் இந்த நரகத்துக்குள்ள போகப்போறோம்? நேரா வீட்டுக்குப் போவோம்.”

பதினான்கு பேர் ஸ்டேஷன் படி ஏறியிருக்கிறார்கள். பதினான்கு பேரிடமும் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கிறேன், வாசலில் நிற்கிறார். கையில் பதினான்கு புகார்களின் நகல்.

“அண்ணே, இதுல தேதி, நேரம், இடம் மூணை மட்டும் எடுத்து ஒரே பக்கத்துல போட்டுக் குடுங்க.”

போட்டேன். எனக்கே வெட்கமாகிவிட்டது. பதினான்கும் என் மெஷினில் அடித்தவை. ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எல்லாம் தகரம் அடித்த தேதிக்குப் பிறகு. எல்லாம் ஆறேகாலுக்கும் ஏழுக்கும் இடையில். எல்லாம் அந்த இரண்டு வளைவுக்குள். அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் அந்தச் சந்திலிருந்து ஒரு புகார்கூட இல்லை.

அந்த நடைபாதை யாருடையது என்பதற்கு நகராட்சியில் வரைபடம் இருக்கும். கேட்கப் போனார். நாளைக்கு வாங்க என்றார்கள். நாளைக்குப் போனார். ஃபைல் எடுக்கிறவர் லீவு என்றார்கள். நான்கு முறை அலைந்தார். ஐந்தாவது முறை யூனிஃபார்மோடு போய் அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். யாரையும் எதுவும் சொல்லவில்லை. போலீஸ் ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க, மத்தியானத்துக்குள் வரைபடம் வந்துவிட்டது. எடுத்துக் கொடுத்தது அங்கே படம் வரைகிற ஒரு அம்மா. ஆறடி அகலம், முழு நீளம், பொதுப் பாதை. சந்தேகத்துக்கே இடமில்லை. அந்த அம்மா, “பேரை மட்டும் எங்கயும் சொல்லிடாதீங்க” என்றாராம். உண்மையான வரைபடத்தைக் காட்டியதற்கு ஒருவர் ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வரைபடமும் பட்டியலுமாக இன்ஸ்பெக்டரிடம் போனார். குடோன் முதலாளி யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டேஷனில் குடிதண்ணீர் மெஷின் அவர் வாங்கிக்கொடுத்தது. ரோட்டில் வைக்கிற இரும்புத் தடுப்புகள் அவர் கொடுத்தவை, ஒவ்வொன்றிலும் அவர் கம்பெனி பேர். இன்ஸ்பெக்டருக்கு அவர் வீட்டில் நாற்காலி போட்டு உட்காருகிற அளவுக்குப் பழக்கம்.

இன்ஸ்பெக்டர் பட்டியலைப் பார்க்கக்கூட இல்லை.

“ஏம்மா, உன்னைத் திருடனைப் பிடிக்கச் சொன்னா நீ தகரத்தைப் பிடிக்கிறே.”

“திருடனை மூணு தடவை பிடிச்சாச்சு சார். தகரம் இருக்கிற வரைக்கும் நாலாவது ஆள் வருவான்.”

“அது நகராட்சி சமாச்சாரம். உனக்கும் எனக்கும் அதுல வேலை இல்லை.”

“அப்ப அந்தப் பொண்ணுங்க எந்த ஆபீஸ் சமாச்சாரம் சார்?”

இதைக் கேட்ட ஸ்டேஷன் எழுத்தர் அன்று மாலையே என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னார். இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினாராம்.

வீட்டில் கணவரும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். மகள் படிப்பு முடிகிற வரைக்காவது இந்தக் குடியிருப்பில் இருக்கவேண்டும், வம்பை விலைக்கு வாங்காதே என்று. மறுநாள் காலையில் கணவர் வழக்கம்போல யூனிஃபார்மை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டிவிட்டுத்தான் வேனை எடுத்தார். அதுவே அவருடைய சம்மதம் என்று எடுத்துக்கொண்டதாக நடைபோலீஸ் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பிளாக்கின் கீழ்த்தளத்தில், சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில், எல்லோரையும் கூட்டினார். அறுபது பேர் வந்தோம். குடோன் முதலாளியைப் பகைத்துக்கொள்வானேன் என்று சிலர் இழுத்தார்கள். ஒரு பெரியவர், பெண்கள் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்றார். அவருடைய மருமகள் அதே கம்பெனியில்தான் தைக்கிறாள். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காலரக்கா கட்டுப்போட்ட கையைத் தூக்கி அவரிடம் காட்டினார்.

“ஐயா, ரோடு எங்க சம்பளத்துலயும் போட்டதுதான். நாங்க வீட்டோட இருக்கணுமா, அந்தத் தகரம் குடோனோட இருக்கணுமா? யோசிச்சுச் சொல்லுங்க.”

பெரியவரின் மருமகள்தான் முதல் கையெழுத்துப் போட்டாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. பட்டியல், வரைபடம், மனு, எல்லாவற்றையும் நகராட்சியில் கொடுத்து முத்திரை வாங்கினோம். மனு நடக்கிற வேகத்தில் நடக்கட்டும், அதுவரைக்கும் சும்மா இருப்பதா என்று நடைபோலீஸ் மற்ற ஏற்பாடுகளைச் செய்தார். சந்து முனையில் டயர் கடை வைத்திருப்பவர் தன் கடையிலிருந்து வயர் இழுத்து முதல் வளைவில் ஒரு பல்பு மாட்டினார். ஐஸ் ஃபாக்டரியின் காவலாளி ஆறிலிருந்து ஏழு வரை பின்கேட்டைத் திறந்துவைத்து அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நடைபோலீஸ் தினமும் பஸ் வருகிற நேரத்துக்கு என் கடை வாசலில் நிற்பார். பெண்கள் இறங்கியதும் கூடவே நடப்பார். ஏழு வாரம், ஒரு நாள் தவறவில்லை. மழையில் நனைந்த பூட்ஸைக் கழற்றி என் கடை மெஷின் சூட்டில் காயவைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார். அந்த ஏழு வாரத்தில் சந்தில் ஒரு சம்பவம் இல்லை.

நகராட்சி முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்பியது. அவர் அதை வாங்கிவைத்துக்கொண்டார். இரண்டாவது நோட்டீஸ் போனது. அதையும் வாங்கிவைத்துக்கொண்டார். ஏழாவது வாரம் இன்ஸ்பெக்டர் நடைபோலீஸைக் கூப்பிட்டு, இனிமேல் சாயங்காலம் சந்துக்குள் போகக்கூடாது, மெயின் ரோட்டில் போக்குவரத்தைப் பார் என்று உத்தரவு போட்டார். கையைக் கட்டிவிட்டதாக நினைத்திருப்பார்.

நடைபோலீஸ் உத்தரவை அப்படியே நிறைவேற்றினார்.

அன்று சாயங்காலம் பஸ் வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள். இவர் சொன்னார், “இன்னிக்கு எனக்கு மெயின் ரோட்ல டியூட்டி. நடைபாதை இல்லாத இடத்துல ரோட்டு ஓரமா வரிசையா நடக்கலாம், அதுக்குச் சட்டம் இருக்கு. வாங்க.” விசிலை வாயில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். லாரிகளுக்கு வெளிப்பக்கம், ரோட்டில், ஒருவர் பின் ஒருவராக நூற்றெண்பது பெண்கள். ஓடவில்லை, கோஷம் போடவில்லை. டிபன் பாக்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள், அவ்வளவுதான். பின்னால் பஸ், கார், வேன் எல்லாம் ஊர்ந்தன. ஹாரன் சத்தத்தில் என் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு கார்க்காரர் இறங்கி வந்து கத்தியதற்கு, நடைபோலீஸ் தகரத்தைக் கையால் காட்டினார். அந்த மனிதர் தகரத்தைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், பின்னால் மாட்டிக்கொண்ட வரிசையில் நகராட்சித் தலைமைப் பொறியாளரின் காரும் இருந்தது. யாரும் திட்டமிட்டதில்லை, அவர் வீடு அந்தப் பக்கம். நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு நகராட்சி ஆட்கள் தகரம் வெட்டும் கட்டருடன் வந்தார்கள். மத்தியானத்துக்குள் தகரம் முழுவதும் லாரியில் ஏறிவிட்டது. ஒன்பது மாதமாக நடக்காதது மூன்று மணி நேரத்தில் நடந்தது. அப்படியானால் அந்த ஒன்பது மாதமும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நான் யாரைப் போய்க் கேட்பது? காலரக்காவின் மணிக்கட்டை யார் திருப்பித் தருவது? அது கோணலாகத்தான் கூடியிருக்கிறது. இப்போது அவர் தைப்பதில்லை, தைத்ததைச் சரிபார்க்கிற இடத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் பெண்கள் அந்த ஆறடிப் பாதையில் நடந்துபோனார்கள். மூன்று மாதம் ஒரு புகார் கிடையாது. சந்து முனை போர்டை நானே கழற்றி உடைத்துப் போட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நான்காவது மாதம் நடைபோலீஸ் ஒரு மெமோவுடன் கடைக்கு வந்தார். இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, மூன்று நாள் போக்குவரத்துக்கு இடையூறு செய்தது. இரண்டாவதை வரிக்கு வரி தருகிறேன்: ‘கடந்த மூன்று மாதங்களாகத் தங்கள் பொறுப்பிலுள்ள பகுதியில் ஒரு வழக்குகூடப் பதிவாகாதது, தாங்கள் பணியில் அக்கறையின்றி இருப்பதையே காட்டுகிறது.’

இரண்டு முறை படித்தேன். எழுத்துப் பிழையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். குற்றம் நடந்தால் கேஸ். கேஸ் இருந்தால் வேலை. குற்றமே நடக்காமல் பார்த்துக்கொண்டால் அது சோம்பேறித்தனம்! நான் ஆத்திரத்தில் என்னென்னவோ சொன்னேன். அவர் நிதானமாகப் பதில் சொல்லச் சொல்ல, டைப் அடித்தேன். ‘அந்தப் பகுதியில் குற்றம் நடக்கவில்லை. ஆகவே வழக்குப் பதியவில்லை.’ இவ்வளவுதானா, இன்னும் நாலு வரி போடலாமே என்றேன்.

“போதும் அண்ணே. இதுக்கு மேல எழுதினா நான் ஏதோ தப்பு செஞ்ச மாதிரி ஆயிடும்.”

பதினைந்தாம் நாள் மாறுதல் உத்தரவு வந்தது. ஊரின் மறுகோடியில், பறிமுதல் செய்த வண்டிகளை நிறுத்திவைக்கிற கிடங்கில் காவல். இரண்டு பஸ் மாறி, ஒன்றரை மணி நேரம் போக, ஒன்றரை மணி நேரம் வர. மனிதர்களிடம் பேசத் தெரிந்த ஒருவரைக் கொண்டுபோய் துருப்பிடித்த ஸ்கூட்டர்களுக்கு நடுவில் உட்காரவைத்தார்கள்.

அடுத்த மாதம் எங்கள் ஸ்டேஷனுக்குக் கேடயம் அறிவித்தார்கள். பகுதிக் காவலர் திட்டத்தில் குற்றங்களைக் குறைத்த சிறந்த ஸ்டேஷனாம். விழாவில் பயனடைந்த பெண் ஒருவர் நன்றி சொல்ல வேண்டும் என்று காலரக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் படிக்க வேண்டியதை ஸ்டேஷனிலேயே எழுதி, பிரிண்ட் எடுக்க என் கடைக்கு அனுப்பினார்கள். ‘இன்ஸ்பெக்டர் அவர்களின் தொலைநோக்கால்’ என்று தொடங்கியது. நடைபோலீஸைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

பிரிண்ட் எடுத்தேன். பதில் அடித்தபோது எடுத்த மெமோவின் நகல் என்னிடம் இருந்தது. அதையும் எடுத்து இந்தத் தாளுக்கு அடியில் வைத்து, காலரக்கா கையில் கொடுத்துவிட்டேன். யோசித்துச் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வயிறு எரிந்தது, கொடுத்தேன்.

விழாவுக்கு நானும் போயிருந்தேன். காலரக்கா மைக் முன்னால் நின்றார். முதல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டாவது தாளை எடுத்து, பள்ளிக்கூடத்தில் பாடம் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி முழுவதும் படித்தார். பிறகு கேடயம் கொடுக்க வந்திருந்த பெரிய அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

“கேடயம் குடுக்கிறீங்க, சந்தோஷம். இதே வேலையைச் செஞ்சவங்களுக்கு இந்த மெமோவையும் நீங்கதான் குடுத்திருக்கீங்க. ரெண்டுல எது நிஜம்னு சொல்லிட்டீங்கன்னா நாங்க வீட்டுக்குப் போயிடுவோம்.”

பெரிய அதிகாரி விசாரிப்பதாகச் சொன்னார். கேடயத்தைக் கொடுத்தார், கை தட்டினார்கள், கூட்டம் கலைந்தது.

அன்று மாலையே நடைபோலீஸ் எனக்குப் போன் செய்தார். பாராட்டப்போகிறார் என்று ஆசையாக எடுத்தேன்.

“யாரைக் கேட்டுக் குடுத்தீங்க அண்ணே? அது என் காகிதம். உங்க கோபத்தைத் தீத்துக்க என் வேலையைப் பணயம் வெச்சிட்டீங்க. அது போச்சுன்னா என் பொண்ணு படிப்புக்கு நீங்களா பதில் சொல்வீங்க?”

சந்து முனையில் போர்டு வைத்தவர்கள் அந்தப் பெண்களைக் கேட்காமல் வைத்தார்கள். நானும் அவரைக் கேட்காமல்தான் செய்திருந்தேன். அது உறைத்தபோது இரண்டு நாள் கடையில் வேலையே ஓடவில்லை.

நல்ல வேளையாக வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரணை என்று ஒன்று நடந்து, மெமோ மேல்நடவடிக்கையின்றிக் கைவிடப்பட்டது. ஆனால் மாறுதல் மாறுதல்தான். ‘நிர்வாகக் காரணம்’ என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். எதை வேண்டுமானாலும் அதற்குள் போட்டு மூடிவிடலாம். கேடயம் ஸ்டேஷன் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. இன்ஸ்பெக்டருக்கு உத்தியோக உயர்வு வந்துவிட்டது. எங்களுக்குப் புதிதாக வந்திருக்கிற பகுதிக் காவலர் பைக்கிலிருந்து இறங்காமலே ரோந்துப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்.

ஒன்றரை மாதம் கழித்து நடைபோலீஸ் கடைக்கு வந்தார். மகளின் சர்டிஃபிகேட்டுகளை இரண்டு செட் எடுக்க வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். மன்னிச்சிருங்க மேடம் என்றேன். தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே, “அடுத்த தடவை கேட்டுட்டுக் குடுங்க” என்றார். கேட்டால் கொடுக்கச் சொல்லியிருப்பாரா என்பதை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவரைத் திரும்ப இங்கேயே போடச் சொல்லி இதுவரை மூன்று மனு அனுப்பிவிட்டோம். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதுக்குப் போன வாரம் பதில் வந்தது. காலரக்காவும் இன்னும் நான்கைந்து பெண்களும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு கடைக்குள் வந்து நின்றார்கள். நான் சத்தமாகப் படித்தேன். ‘தங்கள் பகுதியில் குற்றச் சம்பவங்கள் பதிவாகாத நிலையில், தாங்கள் கோரும் காவலரை அங்கு நியமிக்க வேண்டிய தேவை எழவில்லை.’

பெரியவரின் மருமகள் காகிதத்தை வாங்கித் தானே ஒருமுறை படித்துப் பார்த்தாள். காலரக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு என் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அப்ப இன்னொருத்தி கை உடையணும்னு காத்திருக்காங்களா? இதையே கேட்டு எழுதுங்க அண்ணே. பதில் சரியா வரலேன்னா இன்னொரு மனு போடலாமான்னு இந்தத் தடவை மேடத்தை முன்னாடியே கேட்டுட்டேன், எழுதச் சொல்லிட்டாங்க.”

நான்காவது மனுவை டைப் அடிக்கத் தொடங்கினேன்.